மூணு கெஜம் வயர்

டெலிபோன் டிபார்ட்மெண்டில் முப்பத்தேழு வருஷம் லைன்மேனாக இருந்தவருக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேலதிகாரியிலிருந்து கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் 'மூணு கெஜம்'. உயரத்தை வைத்துச் செய்த கேலி என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைச்சல். அது வயர் அளவு. அந்தக் கதையைச் சொல்ல, போன் சட்டைப்பைக்குள் வருவதற்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

அப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போன் வருகிறதென்றால் லேசுப்பட்ட விஷயமா? மனுப் போட்டுவிட்டு ஆறு வருஷம், ஏழு வருஷம் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் லைன்மேன் ஏணியும் வயர்ச் சுருளுமாக வந்து நின்றால், வீட்டில் அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொள்வார்கள். எங்கே வைப்பது என்பதில் மட்டும் பேச்சே கிடையாது. ஹாலில்தான். அதுவும் வாசல் கதவைத் திறந்தால் தெருவில் போகிறவன் கண்ணில் படுகிற இடத்தில். ஒரு குட்டி மேஜை, மேஜைமேல் பின்னல் துணி, துணிமேல் அந்தக் கறுப்பு மகாராஜா. எண் சுழற்றுகிற வட்டத்தில் ஒரு பூட்டு. சாவி வீட்டுப் பெரியவரின் சட்டைப்பையில்.

ஊரே பார்க்க வேண்டுமென்று வைத்த போனில் ஊருக்குத் தெரியக் கூடாத விஷயத்தைப் பேச முடியுமா? பெரியவர்கள் ஒருத்தரும் இதை யோசித்ததில்லை. அவர்களுக்கென்ன, ரகசியம் இருந்தால் வெளியில் போய்ப் பேசிக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது வீட்டிலேயே கிடக்கிற பெண்கள்தான். முதல் நாலைந்து வருஷம் நம் ஆளும் யோசிக்கவில்லை. சொன்ன இடத்தில் ஆணி அடித்தோமா, மணி அடிக்கிறதா, கையெழுத்து வாங்கினோமா என்றுதான் இருந்தார். அவருக்குப் புத்தி வந்தது ஒரு மரச்சாமான் கடைக்காரர் வீட்டில்.

அந்த வீட்டு லைனில் கரகரவென்று சத்தம் வருகிறதென்று புகார். இவர் வாசல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, இடுப்பில் தொங்குகிற சோதனை ரிசீவரை லைனில் மாட்டிக் காதில் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து ஓர் அழைப்பு. நியாயப்படி மாட்டியதைக் கழற்றியிருக்க வேண்டும். கரகரப்பு போய்விட்டதா என்று ஒரு நிமிஷம் கேட்கலாமே என்று நின்றார், அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன பெண் ஒருத்தி அம்மாவிடம் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். "என்னால இங்க இருக்க முடியலம்மா. வந்து கூட்டிட்டுப் போயிடும்மா." ஹாலில் கடைக்காரரும் அவருடைய சினேகிதர்கள் நாலு பேரும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். போன் அவர்களுக்கு நடுவில். ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் முகம் இவருக்கு நன்றாகத் தெரிந்தது. "ம்... சரிம்மா... இங்க எல்லாரும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்துவிட்டு, மேஜைத் துணியின் சுருக்கத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டே நின்றாள். யார் போனில் என்று கேட்டார் கணவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு நம் ஆளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள், யாரும் கூப்பிடாமலே, லைனில் இன்னும் கொஞ்சம் கோளாறு இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். டிரம்மில் மிஞ்சிய வயரில் மூன்று கெஜம் அளந்து போனோடு சேர்த்தார். உள் அறைக் கதவின் அடியில் வயர் நசுங்காமல் நுழைகிற அளவுக்கு உளியால் செதுக்கினார். மிச்சத்தைச் சுருட்டி நூலால் கட்டி மேஜைக்குப் பின்னால் மறைத்தார். கடைக்காரர் அந்தப் பக்கம் போன நேரத்தில் அந்த அம்மாளிடம், "இந்த நூலை அவுத்தா உள்ரூம் வரைக்கும் வரும்மா. கதவைச் சாத்திக்கலாம்" என்று காதும் காதும் வைத்தாற்போல் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் வீடு திரும்பினாளா என்பது இவருக்குக் கடைசி வரை தெரியாது. கேட்கவும் இல்லை. லைனில் காதில் விழுந்ததை வாயில் எடுக்கக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

அதற்குப் பிறகு போகிற வீட்டிலெல்லாம் மூன்று கெஜம். வேலை முடிந்ததும் வீட்டில் யார் யார் என்று ஒரு நோட்டம் விடுவார். சமையலறைக் கதவோரம் ஒரு கல்லூரிப் பெண் நின்றால் ஒரு சுருள். வெளியூரில் அக்கா இருக்கிற மருமகள் இருந்தால் ஒரு சுருள். பையன்களுக்கும் உண்டு, அதிலெல்லாம் அவர் பாரபட்சம் பார்க்கிறவர் இல்லை. விஷயம் மேலே போகாமலிருக்குமா? லைன் இன்ஸ்பெக்டர் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்து, டிபார்ட்மெண்ட் வயர் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். நம் ஆள் அசரவில்லை. நாளைக்கு அவங்க மேஜையை நகர்த்துனா நான்தானே சார் மறுபடி ஏணியைத் தூக்கிட்டு வரணும், டிபார்ட்மெண்டுக்கு ஒரு நடை மிச்சம் என்றார். இன்ஸ்பெக்டர் முறைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, எங்க வீட்டுலயும் அந்த மூணு கெஜத்தைப் போட்டுடுய்யா, வீட்டுல நச்சரிப்பு தாங்கல என்றார். பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கும் அந்த வீடுகளைப் பற்றி ஆரம்பித்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். பழுது பார்க்கப் போனால் வயரில் விழுந்திருக்கும் முறுக்கைப் பார்த்தே, போன் எதுவரை போய்வருகிறதென்று சொல்லிவிடுவார். மாடிப்படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து பேசுகிற வீடு ஒன்று. சாமான் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் பேசுகிற வீடு ஒன்று. ஒரு வீட்டில் கணக்கு வாத்தியார் ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்து, சண்டை போட்டுப் பிரிந்த தம்பியோடு வாரம் ஒரு முறை பேசுவார். மனைவி அதே மூன்று கெஜத்தில் சமையலறைக்குள் போய் அதே தம்பியின் பெண்டாட்டியோடு பேசுவாள். இரண்டு பேரும் தனித்தனியே சொல்லி, இரண்டும் லைன்மேனுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

இதே டிபார்ட்மெண்டில் எக்ஸ்சேஞ்சில் ஓர் அம்மாள் இருந்தார். ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில் நாள் முழுக்க 'நம்பர் ப்ளீஸ்', 'நம்பர் ப்ளீஸ்' என்று சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஜனங்கள் வெளியூருக்கும் தாங்களே எண்ணைச் சுழற்றிக்கொள்ளும் வசதி வந்ததும் அவரைப் பழுது பிரிவுக்கு மாற்றினார்கள். கம்பத்து உச்சியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மூணு கெஜம் சோதனை ரிசீவரில் கத்துவார். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நம்பர் ப்ளீஸ் அம்மாள் பதில் சொல்வார். இருபத்திரண்டு வருஷம் இப்படி. நேருக்கு நேர் பார்த்தது பத்துப் பன்னிரண்டு தடவை இருந்தால் அதிகம். அந்த அம்மாளின் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் இவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இன்றைக்கு ஜலதோஷமா, வீட்டில் சண்டையா என்று முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார். தப்புத் தண்டா எதுவும் கிடையாது. அவருக்கு ஒரு குடும்பம், இவருக்கு ஒரு குடும்பம்.

அந்த அம்மாளின் கணவர் முன்பே காலமாகிவிட்டார். இவர் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்போது துக்கம் விசாரிக்க நம்பர் ப்ளீஸ் போன் செய்தார். அடுத்த வாரம், சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு தடவை. அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள், அப்புறம் தினமும் மதியம் மூன்று மணிக்கு. என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்? முட்டி வலி, கண் புரை, பழைய இன்ஸ்பெக்டர் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இவ்வளவுதான். அப்போது இவர் தன் பழைய வீட்டில் தனியாக இருந்தார். சின்ன வீடு, ஆனாலும் மூன்று அறைக்கும் கதவு உண்டு. காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துப் பேசுவார். மனைவி போன வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்த மூன்று மணிக்குத்தான்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. இனிமே உங்களைத் தனியா விட மாட்டேன் என்று ஒரே பிடியாக மகள் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகளுக்கு வீடுகளின் உள்ளமைப்பை வடிவமைக்கிற தொழில். கெட்டிக்காரி. ஏழாவது மாடியில் அவள் வீட்டை வாங்கியபோது அதில் நாலு அறைகள் இருந்தன. சுவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டாள். இப்போது இருப்பது ஒரே ஹால்; சமையல், சாப்பாடு, சிரிப்பு, சண்டை, மாப்பிள்ளையின் ஆபீஸ் எல்லாம் அதற்குள்ளேதான். ஹாலுக்கு நடுவில் மேடை போட்டது போல் அடுப்பு. மகளும் மாப்பிள்ளையும் படுக்கிற இடத்துக்குக் கண்ணாடித் தள்ளுகதவு. குளியலறைக்கும் கண்ணாடிதான், கொஞ்சம் மங்கலான கண்ணாடி. அந்த மட்டும் புண்ணியம். அப்பாவுக்கு ஜன்னலோரம் ஒரு நல்ல மூலை. அதற்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு புத்தக அலமாரி, ஆள் உயரத்துக்கு நின்றுவிடும், கூரை அதற்கு மேல் எங்கேயோ இருக்கும். கதவு கிடையாது. வெளிச்சம் தடையில்லாம ஓடணும்ப்பா என்பாள். வெளிச்சம் ஓடியது. கூடவே இருமல், கொட்டாவி, முட்டித் தைலத்தின் வாசனை எல்லாம் ஓடின.

அந்த வீட்டின் படம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? வாரத்துக்கு இரண்டு தடவை, வீடு கட்டப் போகிறவர்கள் யாராவது பார்க்க வருவார்கள். மகள் அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டுவாள். அலமாரிக்குப் பக்கத்தில் வந்ததும், இது அப்பாவோட ஸ்பேஸ் என்பாள். வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மூணு கெஜம் கட்டில் விரிப்பைச் சரிசெய்து, தைலப் பாட்டிலை டிராயரில் ஒளித்து, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரொம்பக் காத்தோட்டமா இருக்குல்ல என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

மகளைக் குறை சொல்லக் கூடாது. அவர் இரண்டு தடவை இருமினால் மூன்றாவது இருமலுக்கு வெந்நீரோடு வந்து நிற்பாள். அவர் கை எட்டுகிற உயரத்தில் சுவிட்சு, பிடித்துக்கொண்டு நடக்க சுவர் நெடுகக் கம்பி, எல்லாம் அவளே அளந்து வைத்தது. அன்புக்குக் குறைச்சல் கிடையாது. குறைச்சல் சுவருக்குத்தான்.

மூன்று மணிப் பேச்சு அந்த வீட்டுக்கு வந்ததும் தேய ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளைக்கு ஆபீஸ் மீட்டிங். நல்ல மனுஷன், மாமனாரை ஒரு வார்த்தை கடிந்தவரில்லை. இவர் குரல்தான் கம்பத்து உச்சியில் பழகிய குரல். கம்மியாகப் பேசு என்றால் அதற்கு வராது. ஒரு நாள் முட்டித் தைலத்தைப் பற்றி இவர் நம்பர் ப்ளீஸ் அம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருக்க, மீட்டிங்கில் இருந்த யாரோ அந்தத் தைலத்தின் பேர் என்ன என்று மாப்பிள்ளையைக் கேட்டார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் வந்து கேட்டார். நம் ஆளுக்குத்தான் உயிரே போய்விட்டது. அதன் பிறகு பேச்சு 'ம்', 'சரி', 'அப்படியா' என்று சுருங்கிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை நம்பர் ப்ளீஸ் ஒரு விஷயம் சொன்னார். கடல் தாண்டி இருக்கும் மகன், அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான். தனியாக இருக்க அந்த அம்மாளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எதிர் வீடு அடுத்த மாதம் காலியாகிறது. "தெரிஞ்சவங்க யாராவது அங்க வந்தா எனக்கும் தைரியமா இருக்கும். இல்லேன்னா பையன்கிட்டயே போயிடலாம்னு பாக்கறேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு முடிவு சொல்லணும்." நீங்கள் வாருங்கள் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லக் கூடியவரும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் அந்தக் குரலைக் கேட்டவருக்கு இதுகூடவா புரியாது? நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. மூன்றடி தள்ளி மாப்பிள்ளை மீட்டிங்கில் இருந்தார். "ம்... அப்படியா... சரி" என்றார் நம் ஆள்.

எழுதி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அந்த அம்மாளுக்குக் கண் புரை; வருகிற செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் படித்துக் காட்டுகிறாள். தவிர, ஆயுசு முழுக்கக் குரலோடு வாழ்ந்தவர் இந்த மாதிரி விஷயத்தை விரலால் தட்டிச் சொல்வாரா? நேரில் போகலாமென்றால் ஊரின் மறுகோடி, இரண்டு பஸ் மாற வேண்டும், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு மகள் விடமாட்டாள். மகளிடமே சொல்லிவிடலாமென்றால் அங்கேதான் முள் குத்துகிறது. அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அப்பா ஒரு கதவைத் தேடிப் போகிறார் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் இந்த வயதில், அதுவும் ஓர் அம்மாளுக்கு எதிர் வீட்டுக்கு.

எப்படியாவது ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அதற்கென்றே கிளம்பினார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். மேடம் என்று ஆரம்பித்த சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்ப, வெளியிலிருந்து மகள், கூப்பிட்டீங்களாப்பா என்று கதவைத் தட்டினாள். பால்கனிக்குப் போனார். பக்கத்துப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், துணியை விட்டுவிட்டு இவரையே பார்த்தாள். லிப்டுக்குள் போனார், கதவு மூடியதும் பேச்சு அறுந்தது. கீழே இறங்கி வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனார். வாட்ச்மேன் மரியாதையாக நாற்காலி கொண்டுவந்து போட்டு, அதே மரியாதையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டான். குட்டி போட்ட பூனை மாதிரி அந்தக் கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டு, "ம்... சரி மேடம்" என்று முடித்துக்கொண்டு மேலே வந்தார். புதன்கிழமையும் அப்படியே. "உங்களுக்கு வேலை இருக்கு போலிருக்கு" என்றார் நம்பர் ப்ளீஸ். குரலில் ஒரு வறட்சி. அது ஜலதோஷம் இல்லையென்று இவருக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் துணிந்து மகளிடம் கேட்டுவிட்டார். என் மூலைக்கு ஒரு கதவு போட முடியுமா பாப்பா?

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "கதவு எதுக்குப்பா? நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?"

சும்மாதான் என்று மென்று விழுங்கினார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இல்லை, கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "நம்ம பழைய வீட்ல போன் எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? உங்க நாற்காலிக்குப் பக்கத்துல. ஒரு முழம் வயர். காலேஜ் படிக்கும்போது ஒருத்தர் நாலு மாசம் எனக்குப் போன் பண்ணிட்டிருந்தார்ப்பா. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிப்பீங்க. நான் ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுவேன். அஞ்சாவது மாசம் அவர் பண்ணல." சிரித்தாள். அது மாப்பிள்ளைக்கும் தெரியுமாம், பழைய கதைதானாம். "அப்பவே முடிவு பண்ணேன். நான் ஒரு வீடு கட்டினா, அதுல யாரும் எதையும் ஒளிக்கவே வேண்டியிருக்கக் கூடாதுன்னு."

அவள் எழுந்து போய் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். மூணு கெஜத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வயரை வெட்டியது அவர்தான். ராத்திரி பகல் பார்க்காமல் டிபார்ட்மெண்டிலிருந்து கூப்பிடுவார்கள், கை நீட்டினால் எட்ட வேண்டும் என்று ஊருக்கு ஒரு சாக்குச் சொன்னார். உண்மை அவருக்குத் தெரியும். சுருள் எதற்கெல்லாம் உதவும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர், பயந்துவிட்டார். ஊருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம். யார் யார் வீட்டுப் பெண்ணுக்கோ கதவுக்கடியில் செதுக்கிக் கொடுத்த மனுஷன், தன் மகள் எத்தனை தடவை ராங் நம்பர் என்று சொல்லிவிட்டுத் தன்னைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தார். பேப்பரிலிருந்து ஒரு நாளாவது தலையைத் தூக்கியிருக்கக் கூடாதா? எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவாவது உள்ளே போயிருக்கக் கூடாதா? அழுகை வந்தது. அந்த வீட்டில் அதற்கும் இடமில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போன் வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இவரே செய்தார். அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருப்பதாக நம்பர் ப்ளீஸ் சொன்னார். "நாளைக்கு நாலு மணிக்குப் பையன் பேசுவான். வரேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" இவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மகள் மேடையருகில் நின்று ஏதோ வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டம் மேடம்" என்றார். போனை வைத்த பிறகு தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வீடு பார்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார், மனைவி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்தாள். மகள் வழக்கம்போல் அழைத்துக்கொண்டு சுற்றினாள். காற்று இப்படி வந்து இப்படிப் போகும், வீட்ல இருக்கறவங்க எங்க இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கலாம், பேசலாம் என்று சொல்லிக்கொண்டே அலமாரிக்கு அருகில் வந்தாள். மாப்பிள்ளை காதில் இயர்போனோடு மேஜையில் இருந்தார். மூணு கெஜம் தைலத்தை டிராயரில் வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

மணி மூன்று. போன் அடித்தது.

எடுத்தார். நம்பர் ப்ளீஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று கூப்பிட்டாராம். இன்னும் ஒரு மணி நேரத்தில் மகன் பேசுவானாம், டிக்கெட் எடுக்கச் சொல்லிவிடப் போகிறாராம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தைலத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். பேச்சு முடிகிற மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

வழக்கம்போல் 'ம்' என்று இவர் வாயில் வந்துவிட்டது. அதற்கடுத்த 'சரி' வரவில்லை. எதிரில் வந்தவர்கள் இரண்டு பேரும் அவருடைய ஸ்பேஸை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மகள் நிற்கிறாள். எங்கே எழுந்து ஓடுவது? ஓடி ஓடித்தானே நாலு நாளைத் தொலைத்தோம் என்று அவருக்கு ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மேடம், போகாதீங்க. அந்த எதிர் வீட்டுக்கு நான் வரேன். பேச ஆள் இல்லாம சொல்லல. எனக்கு இங்க பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்காரு, தங்கமா பாத்துக்கறாங்க. ஆனா எனக்கு உங்ககூடப் பேசணும். தினமும் பேசணும். நீங்க போயிட்டா எனக்கு மூணு மணிங்கறதே இல்ல."

கம்பத்துக் குரல். கூரையில் பட்டு, கண்ணாடியில் பட்டு, வீடு முழுக்கப் போயிற்று. வீடு பார்க்க வந்த பெண்ணின் கை ஒரு பூச்சாடியின் மேல் அப்படியே நின்றது. அவள் கணவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். மாப்பிள்ளை மெல்ல இயர்போனைக் கழற்றினார். மகள் அலமாரியின் ஓரத்தைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சு கேட்குமென்று அவள் எந்த வரைபடத்திலும் போட்டதில்லை. மூணு கெஜம் உட்காரவில்லை.

போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துக்கூடப் பார்த்தார். போகவில்லை.

"உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் நம்பர் ப்ளீஸ்.

பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? "எல்லாரும் இருக்காங்க மேடம். பொண்ணு, மாப்பிள்ளை, வீடு பாக்க வந்தவங்க ரெண்டு பேர்."

அந்த அம்மாள் சொன்னார்:

"அப்ப இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமல், சொல்லுங்கப்பா என்று தலையை ஆட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்.